சைக்கிளும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வும்

"உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா? யார் கற்றுக் கொடுத்தார்கள்?" என்று உங்களில் ஒருத்தியைத் தமிழில் கேட்டால் என்ன நடக்கும்? விழுந்த கதை, முழங்கால் தழும்பு, அண்ணனுடன் போட்ட சண்டை என்று மூச்சு விடாமல் பத்து நிமிடம் பேசுவீர்கள். வகுப்பில் உங்களை அமைதியாக இருக்கச் சொல்லியே எங்கள் தொண்டை வற்றிவிடுகிறது. ஆனால் இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் தொண்டை வற்றுவது உங்களுக்கு. இதற்குக் காரணம் என்ன, இதைப் போக்க வழி என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சென்ற விடுமுறை ஒன்றில், செவிலியர் படிப்பை முடித்த நம் ஊர்ப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். வெளிநாட்டில் வேலைக்குப் போக ஆங்கிலப் பேச்சுத் தேர்வு எழுத, இல்லை, பேச வேண்டும் என்றாள். கையில் தடித்த கைடு ஒன்று இருந்தது. "கேள்வி கேளுங்கள் டீச்சர், எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது" என்றாள். புத்தகத்தைப் பிரித்தேன். சைக்கிள் பற்றிய பக்கம் வந்தது. கேட்டேன். என் மாமா எனது பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு மலைச் சைக்கிள் பரிசளித்தார், நான் நாள்தோறும் பூங்காவில் ஓட்டி மகிழ்ந்தேன் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு பிழையும் இல்லை.

"அந்தச் சைக்கிள் என்ன நிறம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பிறகு தமிழில் மெல்லச் சொன்னாள்: "எனக்குச் சைக்கிளே கிடையாது டீச்சர். அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன்."

"அதையே சொல்லியிருக்கலாமே, அம்மா!"

"அதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லலாமா டீச்சர்? கேவலமாக இருக்காதா?"

மாணவியரே, இந்த ஒரு கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. ஆங்கிலத்தில் பேச வேண்டுமானால் தன் வாழ்க்கையை ஒளித்து வைத்துவிட்டு வேறு யாருடைய வாழ்க்கையையோ பேச வேண்டும் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். அதுதான் தொண்டையை அடைக்கிறது.

தேர்வு எப்படி நடக்கிறது?

முதலில் தேர்வைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ஆங்கிலப் பேச்சைச் சோதிக்கும் தேர்வுகள் பல உண்டு. அவற்றுள் நம் நாட்டில் பெரிதும் பேசப்படுவது ஐயெல்ட்ஸ் என்னும் தேர்வு. இது 1989 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். மதிப்பெண் 0 முதல் 9 வரை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கும், செவிலியர் போன்ற பணிகளுக்கும் இம்மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழிந்தால் மதிப்பெண் காலாவதியாகிவிடும். கட்டணமும் கொஞ்சமல்ல. ஆகவே ஒருமுறை தவறினால் பெண்ணின் மனம் மட்டுமல்ல, தகப்பனாரின் சேமிப்பும் சேர்ந்து உடைகிறது.

பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் வரை நடக்கும். தேர்வாளர் ஒருவர், தேர்வு தருபவர் ஒருவர், இருவர்தாம். பேச்சு முழுவதும் பதிவு செய்யப்படும். இதில் மூன்று படிகள் உள்ளன. முதற்படி 4 அல்லது 5 நிமிடங்கள். உன் ஊர், வீடு, பள்ளி, அன்றாடப் பழக்கம் பற்றிய சிறு கேள்விகள் வரும். சிறுவயதில் சைக்கிள் இருந்ததா, இப்போது ஓட்டுகிறாயா என்பன போன்றவை இங்கே வரக்கூடும். இரண்டாம் படியில் ஒரு சீட்டைக் கையில் தருவார்கள். உதாரணமாக, "சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றிச் சொல்" என்று இருக்கலாம். என்ன கற்றாய், எப்போது, யார் உதவினார், எப்படி உணர்ந்தாய் என்று துணைக்குறிப்புகளும் அதில் இருக்கும். சிந்திக்க ஒரு நிமிடம் உண்டு. காகிதமும் பென்சிலும் தருவார்கள். பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் படி 4 அல்லது 5 நிமிடங்கள். அதே பொருளைப் பொதுப்படையாக விவாதிப்பார்கள்.

மதிப்பெண் நான்கு காரியங்களுக்குச் சமமாகப் பிரிகிறது: தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். உன் சைக்கிள் விலை உயர்ந்ததா என்பதற்கு மதிப்பெண் இல்லை. உன் கருத்து தேர்வாளருக்குப் பிடித்ததா என்பதற்கும் மதிப்பெண் இல்லை. ஆங்கிலேயரைப் போல மூக்கால் பேச வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. சொல்வது தெளிவாகப் புரிய வேண்டும், அவ்வளவே.

மனப்பாடம் ஏன் உதவாது?

செய்யுளை மனப்பாடம் செய்வது நல்லது. சொந்தக் கதையை மனப்பாடம் செய்வது ஆபத்து. தேர்வாளர் பயிற்சி பெற்றவர். ஒப்பிக்கும் குரல் ஒரே சுருதியில் ஓடுவதையும், மற்றப் பேச்சுக்கும் அதற்கும் ஒட்டாமல் இருப்பதையும் எளிதில் கண்டுகொள்வார். உடனே நிறம் என்ன என்பது போல ஒரு சிறு கேள்வி கேட்பார். கைடில் இல்லாத அந்தக் கேள்வியில் கட்டிய கோட்டை முழுவதும் சரிந்துவிடும். மாறாக, உண்மையில் நடந்ததைச் சொன்னால் எந்தக் குறுக்குக் கேள்விக்கும் விடை உன்னிடமே இருக்கும். அண்ணன் சைக்கிளின் நிறம் உனக்கு மறக்குமா?

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் உன் சைக்கிள் கதையைத் தமிழில் நினைத்துப்பார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவளானால் அந்த மொழியில் நினைத்துப்பார். பிறகு அதைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாகச் சொல். அன்று அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து சொன்னது இப்படி வந்தது:

"ஐ லேர்ன்ட் டு ரைட் வென் ஐ வாஸ் நைன். த சைக்கிள் வாஸ் மை பிரதர்ஸ். இட் வாஸ் டூ பிக் ஃபார் மீ. ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் த பார் அண்ட் ரோட் ஸ்டாண்டிங். இன் மை லாங்வேஜ் வி கால் இட் மங்கி பெடல். ஐ ஃபெல் மெனி டைம்ஸ். மை மதர் ஸ்கோல்டெட் மீ, பட் ஷி நெவர் டுக் த சைக்கிள் அவே."

ஒன்பது வயதில் கற்றேன். அண்ணன் சைக்கிள், எனக்கு மிகப் பெரியது. ஆகவே ஒரு காலைப் பாருக்கு அடியில் விட்டு நின்றபடி ஓட்டினேன். எங்கள் மொழியில் இதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். பல முறை விழுந்தேன். அம்மா திட்டினார், ஆனால் ஒருநாளும் சைக்கிளைப் பிடுங்கி வைக்கவில்லை. இதுவே இதன் பொருள். இதில் எட்டாம் வகுப்பு மாணவிக்குத் தெரியாத சொல் எது? எந்தக் கைடிலும் இந்தக் கதை இல்லை. கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் நிதானமாகச் சொன்னாலும் இது அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதியை எப்படி நிரப்புவது? தம்பி தங்கைக்குக் கதை சொல்லும்போது அவர்கள் "பிறகு?" "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? அப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் நீயே கேட்டுக்கொள். பல முறை விழுந்தாய், ஏன்? ரயில் நிலையச் சாலையில் சரளைக்கல் இருந்தது. பிறகு? தக்காளிக் கூடை ஏற்றிய வண்டி எதிரே வந்தது. அம்மா ஏன் சைக்கிளைப் பிடுங்கவில்லை? அவருக்குக் கற்க வாய்ப்பில்லாமல் போயிற்று. இப்படி நீட்டினால் இரண்டு நிமிடம் போதாது. ஆனால், அதனால், ஏனென்றால், இருந்தாலும் என்னும் பொருள் தரும் ஆங்கில இணைப்புச் சொற்களும் தாமாக வந்து சேரும். கோவை என்பது வேறொன்றுமில்லை.

சீட்டு தந்தபின் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுத முயலாதீர்கள். இரண்டு வரிக்குள் நேரம் தீர்ந்துவிடும். வயது, அண்ணன், பார், சரளை, அம்மா என்பன போல ஐந்தாறு சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு சொல்லும் ஒரு படத்தை நினைவூட்டும்.

நாம் வழுக்கும் இடங்கள்

நம் தாய்மொழிப் பழக்கத்தால் சைக்கிள் பேச்சில் சில இடங்களில் தவறாமல் வழுக்குகிறோம்.

தமிழில் பஸ்ஸை ஓட்டுகிறோம், ஏர் ஓட்டுகிறோம், மாடு ஓட்டுகிறோம், வேலை இல்லாதபோது ஈயும் ஓட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் கார், பஸ், டிராக்டருக்கு டிரைவ் என்றும், காலை இருபுறமும் போட்டு அமரும் குதிரை, சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கு ரைட் என்றும் சொல்ல வேண்டும். "ஐ டிரைவ் எ சைக்கிள்" என்பது தவறு.

அந்த ரைட் என்னும் சொல் இறந்தகாலத்தில் ரோட் என்றும், முடிவெச்சத்தில் ரிட்டன் என்றும் மாறும். விழுதலும் அப்படியே: ஃபால், ஃபெல், ஃபாலன். "ஃபால்டு" என்று ஒரு சொல் இல்லை. கற்ற கதை முழுவதும் நடந்து முடிந்த கதையாதலால் இறந்தகால வடிவங்களே அதிகம் தேவைப்படும்.

இனி உச்சரிப்பு. சைக்கிள் ஓட்டுவதும் ரைட், எழுதுவதும் ரைட் என்றே நம் எழுத்தில் எழுதுகிறோம். நமக்கு இருப்பது ஒரே டகரம். காதுக்கு அவை வேறு. ஓட்டுவதில் வரும் கடைசி ஓசை நம் "வண்டி"யில் வரும் மெல்லோசை டகரத்தை ஒத்தது. அதற்கு முன் உள்ள "ரை"யும் சற்று நீளும். எழுதுவதில் வரும் ஓசை "பட்டு"வில் வரும் வல்லோசையை ஒத்தது. "ரை" வெட்டுண்டு ஒலிக்கும். ஓட்டு, எழுது என்று மாற்றி மாற்றிச் சொல்லித் தோழியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நல்ல விளையாட்டு. முடிவெச்சமான ரிட்டனுக்கும் "வண்டி" ஓசையே வேண்டும். "பட்டு" ஓசையில் சொன்னால் எழுதப்பட்டது என்று பொருளாகிவிடும். அதுபோல, தனியே வரும்போது சைக்கிள் என்றாலும், முழுச் சொல்லைப் பைசைக்கிள் என்று சொல்லக்கூடாது. பைசிக்கிள் என்று, முதல் அசையை அழுத்தி, நடு அசையைக் குறுக்கிச் சொல்ல வேண்டும்.

"சைக்கிளில் வந்தேன்" என்பதை அப்படியே பெயர்த்து "ஐ கேம் இன் சைக்கிள்" என்கிறோம். "பை பைசிக்கிள்" அல்லது "ஆன் மை பைசிக்கிள்" என்பதே சரி. சைக்கிள் இருக்கிறது என்பதற்கு "ஐ ஆம் ஹேவிங்" வேண்டாம். "ஐ ஹேவ்" போதும். "த டயர் வாஸ் பஞ்சர்" என்பதை விட்டு "ஐ ஹாட் எ பஞ்சர்" என்று சொல்லுங்கள். டபுள்ஸ் போனோம் என்றால் நமக்குப் புரியும், வெளிநாட்டவர் விழிப்பார். என் தங்கை பின்னால் உட்கார்ந்து வந்தாள் என்று விளக்கிச் சொல்வது நல்லது. தெரியாத சொல்லுக்கு விளக்கம் சொல்லத் தெரிவதும் சொல்வளமே. குரங்குப் பெடலை அந்தப் பெண் விளக்கியது அப்படித்தானே?

மூன்றாம் படியில் பேசப் பொருள் உண்டா?

"அரசு சைக்கிள் கொடுப்பது நல்லதா? சைக்கிள் சமுதாயத்தை மாற்றுமா?" என்று மூன்றாம் படியில் கேட்டால் பலர் "சைக்கிள் மனிதகுலத்துக்கு ஒரு வரப்பிரசாதம்" என்று கைடு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இக்கேள்விக்கு உலகிலேயே நல்ல விடை வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுடன் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள், கிராமச் செவிலியர் எனப் பலரும் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள், பெண்கள் நிறுத்தவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். பஸ்ஸுக்குக் காத்திராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் தானே போய்வர முடிந்தது என்பதே அந்தப் பெண்கள் கண்ட பெரிய லாபம்.

அடுத்து, பள்ளிச் சைக்கிள். தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கி, 2005-06இல் மற்றவர்களுக்கும் விரித்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்பில் பிள்ளைகள் அதைப் பெறுகிறார்கள். பீகார் மாநிலம் 2006இல் 9ஆம் வகுப்பு மாணவியருக்கு இத்தகைய திட்டம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினர், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று 2017இல் வெளியிட்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம் தெரிந்தது. பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து வரும் மாணவிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தாள் என்றால், அதில் இரண்டு சக்கரங்களுக்கும் பங்குண்டு. இவ்வளவையும் மூன்று எளிய ஆங்கில வாக்கியங்களில் சொன்னால் எந்தத் தேர்வாளரும் காது கொடுத்துக் கேட்பார்.

வீட்டில் செய்யும் பயிற்சி

பெற்றோர்களே, "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, நாங்கள் என்ன உதவ முடியும்?" என்று கேட்கிறீர்கள். நிறைய உதவ முடியும். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் உங்கள் மகள் பேசுவதைக் கேளுங்கள். எங்கே தயங்கி நிற்கிறாள், எங்கே ஓடுகிறாள் என்பது மொழி தெரியாமலே காதுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகுவாள். நகைக்காமல் கேட்டால் அதுவே பெரிய உதவி. மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழகிய உங்கள் கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். அதை அவள் ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

மாணவியரே, நீங்கள் இருவர் இருவராகச் சேருங்கள். ஒருத்தி கேட்க, ஒருத்தி சொல்ல, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுத் தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. ஒரே கதையை மூன்று நாள் மூன்று விதமாகச் சொல்லுங்கள். ஒரே சொற்கள் திரும்பி வந்தால் மனப்பாடம் தலைகாட்டுகிறது என்று அறியுங்கள். பிழை வந்தால் நிறுத்தி அழாதீர்கள். திருத்திக்கொண்டு மேலே செல்லுங்கள். சைக்கிளும் அப்படித்தான். விழாமல் கற்றவர் யாருமில்லை, நின்றுவிட்டால்தான் சாய்ந்துவிடும்.

அந்தப் பெண் தேர்வு முடிந்த அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "சைக்கிள் வரவில்லை டீச்சர். மழையில் நனைந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டார்கள்" என்றாள். எனக்குச் சற்றே ஏமாற்றம். அவளோ சிரித்தாள். "கைடில் மழையே இல்லை டீச்சர். ஆனால் குரங்குப் பெடலையே சொன்ன வாய்க்கு மழையைச் சொல்வது கஷ்டமாக இல்லை. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியதைச் சொன்னேன். அவர் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்."

மாணவியரே, உங்கள் வீடும், உங்கள் தெருவும், உங்கள் தழும்பும் எந்த மொழியிலும் சொல்லத் தகுந்தவையே. இன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அருகில் வரும் தோழியிடம் உங்கள் சைக்கிள் கதையை ஆங்கிலத்தில் தொடங்குங்கள்.